எந்தக் கண்ணாடி என்று சொல்லவில்லை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

என் காரில் பின்னால் வருவதைப் பார்க்க நன்றாக இருந்த கண்ணாடியை என்னைக் கேட்காமல் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் படம் காட்டும் திரையை மாட்டினீர்கள். அதனால் கேட் வளைந்தது, கார்ச் சாவி பறிபோனது, நான் என் மகளின் காரில் பின்சீட்டில் போகிறவனாகிவிட்டேன். இதைச் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிப்பது என்று இருந்தேன். வேலை பார்க்கும் ஊரில் நலமாக இருக்கிறீர்களா? சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? இங்கே உங்கள் மனைவி, குழந்தைகள், உங்கள் அத்தை, நான் எல்லோரும் நலம். கேட் நலமாக இல்லை.

போனிலேயே சொல்லலாமே என்பீர்கள். போனில் நான் எதைச் சொன்னாலும் "சரி மாமா, சரி மாமா" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். கடிதத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது.

நல்ல எண்ணத்தில்தான் மாட்டினீர்கள், மறுக்கவில்லை. "முன்னாடி ஒரு கேமரா, பின்னாடி ஒரு கேமரா, யாரு வந்து இடிச்சாலும் ஆதாரம் இருக்கும் மாமா" என்றீர்கள். இத்தனை வருஷத்தில் என்னை யாரும் வந்து இடித்ததில்லை. இப்போது ஆதாரம் இருக்கிறது, எனக்கு எதிராக. பின்னால் வருவதைப் பார்க்க நிமிர்ந்தால் அந்தத் திரையில் கலங்கிய குட்டை மாதிரி ஏதோ அசைகிறது. லாரியா, மாடா, மேகமா, ஒன்றும் பிடிபடவில்லை. முகவாயை மேலே தூக்கி, கோழி தண்ணீர் குடிக்கிற மாதிரி கூரையைப் பார்த்தால் லாரி என்று தெரிகிறது. ஆனால் கூரையைப் பார்த்துக்கொண்டு ரோட்டில் போக முடியாதல்லவா? அணைத்தால் கண்ணாடியாகிவிடுமே என்பீர்கள். அணைத்தும் பார்த்தேன். கூலிங்கிளாஸ் போட்ட ஆள் முறைக்கிற மாதிரி என் முகம்தான் தெரிகிறது.

நீங்கள் ஊருக்குப் போன அன்றைக்கே உங்களுக்குப் போன் போட்டேன். "கண்ணாடில ஒண்ணும் தெரியல மாப்ள, ஒரே மங்கலா இருக்கு" என்றேன். நீங்கள் யாரோடோ பேசிக்கொண்டே, "கண்ணாடியத் துடைச்சிட்டுப் பாருங்க மாமா" என்றீர்கள். எந்தக் கண்ணாடி என்று சொல்லவில்லை. என் மூக்கின் மேல் ஒன்று, ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒன்று, நீங்கள் மாட்டியது ஒன்று. நான் பாரபட்சம் பார்க்கிறவன் அல்ல. மூன்றையும் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். மூன்றாவது தொட்டால் மாறுகிற ஜாதி என்று எனக்கு யார் சொன்னார்கள்? துடைத்த துடைப்பில் அது பின்கேமராவை விட்டுவிட்டு முன்கேமராவைக் காட்டத் தொடங்கிவிட்டது. கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்டவன் நான். அதன் விளக்கப் புத்தகத்தை அகராதியோடு இரண்டு முறை படித்த பிறகுதான் இதுவே புரிந்தது. அதற்குள் கேட் போய்விட்டது.

நடந்தது இதுதான். உங்கள் அத்தையை முட்டிவலிக்காக நீச்சல்குளத்துப் பயிற்சிக்கு அழைத்துப்போகக் கிளம்பினோம். வண்டி ஷெட்டில் சுவரைப் பார்த்து நிற்கிறது. பின்னால் கேட். சுவரும் சாம்பல் நிறம், கேட்டும் சாம்பல் நிறம். மீந்த பெயிண்டை வீணாக்கக் கூடாதென்று நானே அடித்தது. ரிவர்ஸ் கியர் போட்டு நிமிர்ந்து பார்த்தேன். திரையில் சாம்பலாக ஏதோ தெரிந்தது. கேட் என்றுதான் எவனும் நினைப்பான். நான் பின்னால் போகப்போக அது என்னை விட்டு விலகிப்போயிற்று. ஆகா, கேட் மரியாதை தெரிந்து வழிவிடுகிறது என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

"நில்லுங்க, கேட்டு சாத்தியிருக்கு."

"சாத்தினா எப்படி அந்தாண்ட போகும்? படத்துல பாரு, போய்க்கிட்டே இருக்கு."

"நில்லுங்கன்றேன்ல!"

"நீ படத்தைப் பாருடி. உம் மாப்ள காசு போட்டு மாட்டியிருக்காரு."

அப்புறம் சத்தம் கேட்டது. விலகிப்போனது ஷெட்டுச் சுவர் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கு இறங்கிப் பார்த்த பிறகு புரிந்தது.

மறுநாள் உங்கள் மனைவி வந்து, அந்தப் பதிவை எடுத்துக் கூடத்து டிவியில் போட்டாள். படம் மட்டும்தான் வரும் என்று நினைத்திருந்தேன். பேச்சும் வருகிறது மாப்பிள்ளை. கேட்டில் இடித்த பிறகு உங்களைப் பற்றி நான் பேசியதும் வந்தது. சூட்டில் பேசியது, பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

"அப்பா, அம்மா நில்லுங்க நில்லுங்கன்னு கத்துறாங்க. காதுல விழலையா?"

"அவ தினமும் சொல்றா. அதுக்கெல்லாம் நின்னா நான் தெருமுனையே தாண்ட மாட்டேன்."

அவ்வளவுதான். சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். இப்போது அவள்தான் எங்களை அழைத்துப் போகிறாள். பின்சீட்டில், பொம்மைகளுக்கும் பிஸ்கட் தூளுக்கும் நடுவில் உட்காருகிறேன். அந்தக் கதவுக்குக் குழந்தைப் பூட்டு போட்டிருக்கிறாள். உள்ளிருந்து திறக்காது. அவளுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். அவள் சுற்றி வந்து கதவைத் திறக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவளுக்கு ஆபீஸ் இருந்தால் உங்கள் அத்தைக்குக் குளம் இல்லை. இரண்டு வாரம் தவறியதில் மாடிப்படி ஏற மறுபடி சுவரைப் பிடிக்கிறாள். இது எனக்குப் பொறுக்கவில்லை.

சும்மா உட்காரவில்லை நான். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடம் போய் விஷயத்தை வைத்தேன். அவர் விளக்கினார், வீட்டில் வந்து நானும் சோதித்துப் பார்த்தேன். என் மூக்குக்கண்ணாடி மாடிவீடு. மேல்மாடி தூரத்துக்கு, கீழ்வீடு படிப்பதற்கு. பழைய கண்ணாடியில் லாரி தெரிந்தால், லாரி இருக்கிற தூரத்திலேயே தெரியும். மேல்மாடிக்கு அது சரிப்பட்டது. திரையில் தெரியும் லாரி எவ்வளவு தள்ளி வந்தாலும், என் மூக்குக்கு எதிரே கைக்கெட்டும் தூரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற படம். அதைக் கீழ்வீட்டு வழியாகத்தான் பார்க்க வேண்டும். நீங்களோ திரையை உச்சியில் மாட்டியிருக்கிறீர்கள். ஆகவே எனக்குக் கண் போய்விட்டது என்று குடும்பத்தில் பரவியிருக்கும் பேச்சு அடிப்படையற்றது. சோதனையை உங்கள் மனைவியிடம் செய்து காட்டினேன். "எல்லாம் சரிப்பா, சாவி தர மாட்டேன்" என்றாள். பிடிவாதம் யாரிடமிருந்து வந்ததென்று தெரியவில்லை.

நான் விடப்போவதில்லை. செய்ய வேண்டியவை பின்வருமாறு. அந்தத் திரையைக் கழற்றிப் பழைய கண்ணாடியை அதே இடத்தில் மாட்ட வேண்டியது நீங்கள், அடுத்த விடுமுறைக்கு வந்ததும், சாப்பிட உட்காருவதற்கு முன்னால். சாவியை என் கையில், என் கையில் என்று அடித்துச் சொல்கிறேன், கொடுக்க வேண்டியது உங்கள் மனைவி. கேட்டை நிமிர்த்த ஆள் பார்த்தாயிற்று, அது என் பொறுப்பு. வேறு நிறம் அடிப்பதும் என் பொறுப்பு. இனிமேல் "நில்லுங்க" என்பதை வேண்டிய இடத்தில் மட்டும் சொல்ல வேண்டியது உங்கள் அத்தை.

மழையில் நனையாதீர்கள். நேரத்துக்குத் தூங்குங்கள். என் கோபம் இந்தக் காகிதத்தோடு சரி, ஆசீர்வாதம் என்றும் போல உங்களுக்கு உண்டு.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. காலையில் உங்கள் மனைவி வந்து சாவியைக் கொடுத்துவிட்டாள், அவள் அம்மாவிடம். உங்கள் அத்தையும் லைசென்ஸ் வாங்கியவள்தான், எனக்கு ஒரு வருஷம் முன்பே. அதைப் பற்றி நாங்கள் வீட்டில் பேசுவதில்லை. மாடி வைத்த கண்ணாடி அவளுக்கு இல்லை, திரை பளிச்சென்று தெரிகிறதாம். விரலால் ஒரு தடவு தடவினாள், பின்கேமரா வந்துவிட்டது. திரை போதாத இடத்தில் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறாள். இதை எழுதும்போது வண்டி தெருவில் நிற்கிறது, ஒரு கீறல் இல்லை. "வர்றீங்களா, நான் மட்டும் போகட்டுமா?" என்று ஹாரன் அடிக்கிறாள். ஆகவே மேலே கண்ட உத்தரவுகள் ரத்து. திரை இருக்கட்டும். டிரைவிங் ஸ்கூல் வண்டிகளில் பக்கத்து சீட்டு வாத்தியாருக்கென்று ஒரு சின்னக் கண்ணாடி இருக்குமே, படம் வராத சாதாரணக் கண்ணாடி, அதை இடம் பார்த்து என் பக்கம் மாட்ட வேண்டியது நீங்கள். இந்த முறை என்னைக் கேட்டுவிட்டு.