படகுக்காரன் காது

பாரதத்துச் சகாதேவனுக்கு நடக்கப்போவதெல்லாம் முன்கூட்டியே தெரியும்; வாயைத் திறக்க மாட்டான். பழவேற்காட்டு ஏரிக்கரைச் சகாதேவனுக்கு எதுவும் தெரியாது. வாயை மூட மாட்டான். பேர் வைத்த புண்ணியவான் எதை நினைத்து வைத்தானோ!

அப்பேர்ப்பட்டவன் அந்த ஞாயிற்றுக்கிழமை வாயை இறுக்கி மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வாசலில் நண்டு கழுவிக்கொண்டிருந்த பெண்டாட்டி இளவரசிக்கு அப்போதே சந்தேகம் தட்டிவிட்டது.

"இன்னாயா, பல்லு வலியா?"

"ஒண்ணியும் இல்லமே."

"எம்எல்ஏ இன்னா சொன்னாரு?"

"இன்னா சொல்வாரு? பூநாரை எங்கன்னாரு. காட்டினேன்."

"அத்தச் சொல்லவா இப்புடி முழிக்கிற?"

அந்த எம்எல்ஏ எங்கேயோ தூரத்துத் தொகுதிக்காரர். ஏரிக்கரையில் ஒரு பங்களா கட்டி வைத்திருந்தார். ஞாயிறானால் பறவை பார்க்கிறேன் என்று சகாதேவன் படகில் ஏறுவார். ஏறினதிலிருந்து இறங்குகிறவரை போன் காதை விட்டு நகராது. பறவைகள்தான் அவரைப் பார்த்துவிட்டுப் போகும்.

அன்று நடு ஏரியில் சகாதேவனின் கிழட்டு என்ஜின் வழக்கம்போல் இருமி, கமறி, நின்றுபோனது. நிசப்தம். எம்எல்ஏ ஒரு சிமெண்ட் கம்பெனி பேரைச் சொல்லிப் போனில் கத்தினார்: "மச்சான், நான் சொன்ன சிமெண்ட் கம்பெனி ஷேர வாங்கிப் போடு! அடுத்த வாரம் சபையில பாலம், ரோடுன்னு பெரிய அறிவிப்பு வருது. குழுவுல நானே உக்காந்து முடிவு பண்ணது, ஒருத்தனுக்கும் தெரியாது!"

ஏரியிலிருந்த கொக்குக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

அப்புறம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, ஒரு டீத்தூள் கம்பெனி பேரைச் சொல்லி ஏதோ முனகினார். மீதி காற்றோடு போயிற்று.

சகாதேவன் காது விடைத்துக்கொண்டது. காரணம், இந்த ஏரியில் ஒரு வழக்கம். இறால் மேற்கே விழுந்தால், "கெழக்க அள்ளுதுடா டேய்!" என்று ஊர் கேட்கக் கத்த வேண்டும். மேற்கே என்பதைக் கட்டின வலைக்குக்கூடச் சொல்லக் கூடாது. ஆக, கத்தினது சிமெண்ட். அது ஊரை ஏய்க்க. முனகினது டீத்தூள்; அங்கேதான் மீன். 'யாருகிட்ட காது குத்துற? எனுக்கு எப்பவோ குத்தியாச்சு!' என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டான்.

கிழிந்த வலைச்சுருளுக்குள் புது என்ஜினுக்கென்று அவன் ஒளித்து வைத்திருந்த காசு இருந்தது. பழைய என்ஜின் இன்னும் ஒரு மழைக்காலம் தாங்காது. அது போனால் சவாரியும் போச்சு, சோறும் போச்சு. அந்தக் காசை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினான். அங்கே செல்போன் கடை வைத்திருந்த வடிவேலு, ஆதாரை வாங்கிக் கணக்குத் திறந்து ஷேர் வாங்கித் தருகிறவன். மறுநாள் ஷேர் சந்தை திறந்ததும் காசு மொத்தமும் டீத்தூளில் இறங்க ஏற்பாடானது.

"இளவரசிகிட்ட மூச்சு விடாத."

"தொழில் ரகசியம்ணா. செத்தாலும் சொல்ல மாட்டேன்."

மத்தியானச் சோற்றில் இளவரசி நண்டுக் குழம்பை ஊற்றினாள். ஒரு கரண்டி அதிகமாகவே ஊற்றினாள். அதிலேயே அவன் உஷாராகியிருக்க வேண்டும்.

"மெய்யாலுமே அவரு ஒண்ணியும் சொல்லலியா?"

வாய் அரித்தது. சரி, இவளையும் கிழக்கே அனுப்பிவிடுவோம் என்று கம்பெனிப் பேரையும் சொல்லி அவிழ்த்துவிட்டான். "அந்தச் சிமெண்ட் கம்பெனி ஷேர வாங்கு, வாங்குன்னு தொண்ட கிழியக் கத்தினாருமே. சுத்த டுபாகூரு. எவன் வாங்கினாலும் நாசமாப் பூடுவான்."

"அய்ய, நமக்கு எதுக்குயா அந்த வம்பு!" என்று அவள் இன்னொரு நண்டுக் காலை எடுத்து வைத்தாள்.

மறுநாள் வடிவேலு கடையிலிருந்து இளவரசி இறங்கி வருவதைப் பார்த்ததும் சகாதேவன் குறுக்கே போய் நின்றான்.

"இங்க இன்னாமே உனுக்கு வேல?"

"ரேசன் கார்டுல பேரு தப்பாக் கீது."

"காதுல கம்மல் எங்க?"

"திருகாணி லூசு. பத்தர்கிட்ட குடுத்துக்கீறேன்."

சுண்ணாம்புக்குளத்தில் இருக்கிற தன் தம்பிக்குத்தான் கம்மலைக் கழற்றிக் கொடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். ஆனாலும் டீத்தூள் ரகசியம் கசிந்துவிட்டதோ என்று நேரே போய் வடிவேலுவின் சட்டையைப் பிடித்தான்.

"உன் விசயத்த அண்ணிகிட்ட சொன்னனா? அதே மாதிரி அண்ணி விசயத்தயும் உன்கிட்ட சொல்ல மாட்டேன்" என்றான் வடிவேலு.

முதல் பாதியைக் கேட்டதுமே சகாதேவனுக்கு உயிர் வந்துவிட்டது. இரண்டாவது பாதி காதில் ஏறவில்லை.

அடுத்த வாரம் டீக்கடை டிவியில் அறிவிப்பு வந்தது. பாலமாம், ரோடாம். சிமெண்ட் கம்பெனி ஷேர் விறுவிறுவென்று ஏறியது. டீத்தூள், போட்ட இடத்திலிருந்து பாதாளத்துக்குப் போயிருந்தது. வடிவேலு போனைக் காட்டினான். சகாதேவன் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டான். என்ஜின் போச்சே, இவளிடம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வேன் என்று அழுகையே வந்துவிட்டது.

இரண்டு நாள் தள்ளிப்போட்டுவிட்டு, மூன்றாம் நாள் சொல்லிவிடுவதென்று கரைக்குப் போனான். அவன் படகின் பின்னால் பளபளவென்று புது என்ஜின். பக்கத்தில் இளவரசி. காதில் கம்மல் ஆடியது.

"இன்னாமே இது?"

"சிமெண்ட். கம்மல அடகு வெச்சு வாங்கினேன், ஏறினதும் வித்து மீட்டுட்டேன். பழைய என்ஜினயும் தள்ளிட்டேன். எல்லாம் என் பேர்ல."

"அவருதான் கத்தினாரே! மீன் கண்டவன் கத்துவானா?"

"நம்மாளு கத்த மாட்டான்யா. பக்கத்துல கீறவனுக்குக் காது கீதுன்னு நெனைக்கிறவன்தான் மறைப்பான். அவரு உன்ன ஒரு ஆளாவே நெனைக்கல. படகுக்கு ஏதுயா காது?"

சகாதேவனுக்குச் சுருக்கென்றது. "அப்ப டீத்தூள மட்டும் ஏன் முனகினாரு?"

"வல காலியா வந்தவன் எப்புடிப் பேசுவான்? அதுல அவரு ஏமாந்துக்கீறாரு. நீ போயி அதுல உயுந்துக்கீற."

திடுக்கிட்டான். "அது உனுக்கு எப்புடித் தெரியும்?"

"வலச்சுருளு இளைச்சுப் போச்சே!"

சகாதேவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "புருசன் வாயப் புடுங்கி யாவாரம் பண்றியே, இது நாயமாமே?"

"அவரு சபை ரகசியத்துல பண்ணாரு. நான் வூட்டு ரகசியத்துல பண்ணேன். அவரக் கேட்டுட்டு வந்து என்னக் கேளு."

அவன் படகில் ஏறி, என்ஜின் பக்கம் உட்கார்ந்தான். அதைத் தொட்டுப் பார்த்தான். தொட்டதற்குத் திட்டு விழவில்லை. அதுவே பெரிசு என்று நினைத்துக்கொண்டான்.

"ஞாயித்துக்கெழமை அவரு வராரில்ல?" என்றாள் இளவரசி. "நீ ஓட்டு. நானும் கூட வரேன், காது வேணுமே."