வெறும் குழாய்

மறுபடியும் வெறும் குழாய் ஒளிர்ந்து தொலைத்தது.

ஆராய்ச்சியாளருக்கு அழுகையே வந்துவிட்டது. தோட்டத்துப் பூச்சிகளின் உடம்புக்குள் ஒட்டி வாழும் பாக்டீரியா இருக்கிறதா என்று டி.என்.ஏ. சோதனையில் கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. இருந்தால் திரையில் கோடு ஒளிரும். பூச்சியே போடாமல் ஸ்பிரிட் மட்டும் ஊற்றிய வெறும் குழாய் ஒன்றையும் கூடவே சோதிக்க வேண்டும்; அதில் கோடு வரவே கூடாது. வந்தால் மொத்தச் சோதனையும் குப்பை.

மேஜையை பிளீச் ஊற்றித் தேய்த்துப் பார்த்தார். கைத்தோல் உரிந்ததுதான் மிச்சம். மருந்தையெல்லாம் கொட்டிவிட்டுப் புதுசு வாங்கினார். கொட்டியதில் பாதி பக்கத்து மேஜைக்காரருடையது!

"வெறும் ஸ்பிரிட்ல எப்படிய்யா பாக்டீரியா வரும்?" என்று கத்தினார் துறைத்தலைவர். "இன்னும் ஒரே தடவை. அப்புறம் ஆராய்ச்சியும் கிடையாது, வேலையும் கிடையாது."

ஆய்வுக்கூடத்து ஃப்ரீசர் என்றைக்கோ படுத்துவிட்டது. அதனால் சாயங்காலம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் பூச்சிகளைக் கறுப்புக் குழாய்களில் போடுவார். ராத்திரி வீட்டு ஃப்ரிட்ஜில் வைப்பார். காலையில் மூடியைத் திறக்காமலே அரைக்கும் மிஷினில் செருகிவிடுவார்.

"பால் பக்கத்துல பூச்சி! என் தலையெழுத்து" என்றாள் மனைவி.

எதிரே மாமனார் உட்கார்ந்திருந்தார். பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் சரிபார்த்து ரிட்டயரானவர்.

"என் சர்வீஸ்ல ஒரு பாக்கெட்கூட காலியா வெளிய போனதில்ல, மாப்பிள்ளே!"

"தெரியும் மாமா. தினம் சொல்றீங்களே."

எதற்கும் இருக்கட்டும் என்று அன்று வெறும் குழாய் மூன்று வைத்தார். மூன்றுமா கைவிடும்?

மூன்றும் கைவிட்டன. மறுநாள் மூன்றிலும் பளிச்சென்று கோடு. தலைவர் திட்டக்கூட இல்லை.

"நாளையிலேருந்து வராதீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தவர் மேஜையில் அப்படியே தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "எல்லாம் போச்சு. இத்தனை வருஷ உழைப்பு மண்ணாப் போச்சு. நான் எதுக்குமே லாயக்கில்ல."

மனைவிக்கும் கண் கலங்கிவிட்டது. மாமனார்தான் எழுந்து வந்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"அட, உங்க வேலையில ஒருத்தனும் குறை சொல்ல முடியாது மாப்பிள்ளே! தினம் ஒரு குழாய்ல பூச்சி போட மறந்துடுவீங்க, நான்தான் ரோஜாச் செடியிலேருந்து ஒண்ணு பிடிச்சுப் போட்டு மூடி வைப்பேன். நேத்து பாருங்க, மூணுல மறந்துட்டீங்க, அதையும் நான் விடலையே!"