ஓரம் வெட்டாத படம்

“அப்பா, இதுல உங்க மீசையைக் காணோமே!”

பிரிண்டர் துப்பிய படத்தை மகள் தூக்கிக் காட்டினாள். ஓய்வுபெற்ற மேலாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். பந்தயக் கோப்பையை மார்போடு அணைத்தபடி இளவட்டமாக நின்றிருந்தார் அவர். மூக்குக்குக் கீழே மட்டும் வெட்டவெளி.

“தூசி நீக்குன்னு ஒரு பட்டன் இருந்துது. அமுக்கினேன்” என்றார்.

“அரும்பு மீசையைத் தூசின்னு நினைச்சிடுச்சு போல.”

“நானும் அப்போ அப்படித்தான் நினைச்சேன்” என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

சாயங்காலம் மகளைப் பார்க்க மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். கூடத்துச் சுவரில் தொங்கிய உள்ளங்கை அகலப் படம் போதாது, அதன் பழைய ஃபிலிமிலிருந்து வீட்டிலேயே பெரிதாகப் போட வேண்டும் என்று மேலாளர் முடிவுகட்டிவிட்டார். ஓட்டப் பந்தய வீரர் வீட்டில் சம்பந்தம் பேசுகிறோம் என்பது வாசலில் கால் வைத்ததுமே அவர்களுக்கு உறைக்க வேண்டாமா? அந்தப் பந்தயத்தில் தான் ஜெயித்த கதையை அலுவலகத்தில், ரயிலில், பல் மருத்துவரின் நாற்காலியில்கூடச் சொல்லிச் சொல்லி, இப்போது மழை பெய்தால் “பழைய ஓட்டம்” என்று முழங்காலைத் தடவிக்கொள்ளும் அளவுக்கு வந்திருந்தார்.

“தெருமுக்கு ஸ்டூடியோவுல குடுத்திருக்கலாம்” என்றாள் மனைவி.

“ஒரு ஆபீசையே கட்டி மேய்ச்சவன், ஒரு துண்டு ஃபிலிமை மேய்க்க மாட்டேனா?”

ஃபிலிம் துண்டு மேயவில்லை. நெகட்டிவ் என்று ஸ்கேனருக்குச் சொல்ல மறந்ததில், முதலில் வெள்ளைத் தலையும் கறுப்புப் பல்லுமாக யாரோ வந்தார். அடுத்த தடவை ஃபிலிமைப் புரட்டி வைத்ததில் பனியன் எண் இடவலம் மாறிக்கொண்டது. துடைத்தால் தெளியும் என்று சட்டை நுனியால் துடைத்தார். அவருடைய கட்டைவிரல் ரேகை தலைக்கு மேல் புயல் சின்னம்போல் நின்றது. அதைப் போக்கத்தான் தூசிப் பட்டன். அதில்தான் மீசை போனது.

மீசையை மீட்டால், ஓரத்தைத் தானே வெட்டும் வசதி ஒரு காதையும் பாதிக் கோப்பையையும் தின்றது.

“எல்லா ஆட்டோமேடிக்கையும் நிறுத்து! ஃபிலிம்ல என்ன இருக்கோ அப்படியே வரட்டும்.”

“மை தீரப்போகுதுப்பா. இதுதான் கடைசி.”

ஈரம் காய்வதற்குள் வாசல் மணி அடித்தது.

“மீசை இருக்கா? கப் இருக்கா? மாட்டு, மாட்டு!”

மாப்பிள்ளையின் அப்பா வாய் திறக்காத மனிதர். அவருக்கும் சேர்த்து அவர் மனைவி பேசினாள். இருவரையும் உட்காரக்கூட விடாமல் மேலாளர் சுவருக்குமுன் நிறுத்தினார்.

“வீட்லயே போட்டது. ஸ்டூடியோக்காரன் அந்தக் காலத்துல ஓரத்தையெல்லாம் வெட்டிட்டான். இது முழுசு!”

முழுசாகத்தான் இருந்தது. படத்தில் மேலாளர் புல்தரையில் நின்றார். அவருக்குப் பின்னால் மூன்று படி மேடை. அதன் உச்சிப் படியில், ‘1’ என்று எழுதிய இடத்தில், வேறொரு ஒல்லிப் பையன் வெறுங்கையோடு நின்று, கோப்பையை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். மனைவி தண்ணீர்த் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். தன் மானத்தோடு மகள் கல்யாணமும் சேர்ந்து கப்பலேறுவது மேலாளருக்குத் தெரிந்தது.

“அது வந்து... அந்தப் பையன்தான் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கோன்னு குடுத்தான். அப்புறம் கூட்டத்துல ஆளைத் தேடினேன்... அவ்வளவாத் தேடலை.”

மாப்பிள்ளையின் அப்பா படத்தின் அருகே போனார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். திரும்பியபோது அவர் முகமெல்லாம் சிரிப்பு.

“சம்பந்தி, இதுல எனக்கும் ஒரு காப்பி கிடைக்குமா?”

அவர் மனைவி படத்தைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

“ஏங்க, அது நீங்கதானே! அப்போ பந்தயத்துல ஜெயிச்சேன், கப்பைத்தான் எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்னு கல்யாணமான நாள்லேருந்து சொல்லிட்டிருக்கீங்களே... அதைப் புளுகுன்னுல்ல நான் நினைச்சிட்டிருந்தேன்!”