எண்ணூற்றைம்பது கிலோ

ராஜமாணிக்கம் தன் மனைவி அமராவதியிடம் "முடியாது" என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட. இதற்குப் பெயர் பயம் என்று அவருக்கும் தெரியும். ஆனால் வெளியில் "விட்டுக்கொடுத்துப் போறேன்" என்றுதான் சொல்வார்.

அப்படிப்பட்டவர், அந்த மே மாதத்தில் ஒரு நாள், சிதம்பரத்திலிருந்து கடலூர் வரும் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து ஒரு சபதம் எடுத்தார். எது போனாலும் போகட்டும், ஹாலின் வடக்குச் சுவரை மட்டும் விடுவதில்லை.

விஷயம் இதுதான். அமராவதி தையல்காரி. திருப்பாதிரிப்புலியூரில் பாதி கல்யாணங்களுக்கு ஜாக்கெட் அவள் கை. ஆனால் தைப்பதெல்லாம் வீட்டின் பின்பக்கம், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறையில். துணி வெட்டுவது தரையில், பாயை விரித்து. கத்திரி வெயிலில் அந்த அறைக்குள் அப்பளம் வைத்தால் பொரிந்துவிடும். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போய், எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பாள். அதனால் கேட்டாள்.

"மாமா, ஹால்ல வடக்கால ஆறடிக்கு ரெண்டரை அடி எடம் சும்மாத்தானே கெடக்குது? ஒரு மேசை போட்டுக்கறேன். ஃபேனும் இருக்குது, ஜன்னலும் இருக்குது."

நியாயமான கோரிக்கைதான். ஆனால் மேசை வந்தால் வாடிக்கை வரும். வாடிக்கை என்றால் பெண்கள். பெண்கள் ஹாலில் இருந்தால் ராஜமாணிக்கம் சட்டை போட வேண்டும். சிதம்பரத்தில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் சூப்பிரண்டாக, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கழுத்துப் பட்டன் போட்டு உட்கார்ந்திருப்பவர் அவர். வீட்டுக்கு வந்ததும் லுங்கியைக் கட்டி, வெற்று மேலோடு ஈசிசேரில் சாய்ந்து கிரிக்கெட் பார்ப்பதற்காகவே உயிரோடு இருந்தார். அதற்கும் வேட்டு வைத்தால்?

முடியாது என்று சொல்ல வாய் வராது. அப்படியானால் அந்த இடத்தை நிரப்பிவிட வேண்டியதுதான். பீரோ வைத்தால் நகர்த்திவிடுவாள். கட்டில் போட்டால் மடக்கிவிடுவாள். பஸ் பரங்கிப்பேட்டை திருப்பத்தைத் தாண்டும்போது, கைபேசியில் ஒரு வீடியோ ஓடியது. வீட்டிலேயே கண்ணாடி மீன்தொட்டி செய்வது எப்படி. ராஜமாணிக்கம் கணக்குப் போட்டார். ஆறுக்கு ரெண்டரை, உயரம் ரெண்டு. எண்ணூற்றைம்பது லிட்டர் தண்ணீர். எண்ணூற்றைம்பது கிலோ! எவள் நகர்த்துவாள்?

வீட்டுக்கு வந்து அறிவித்தார். யுத்தத்துக்குத் தயாராகத்தான் வந்தார்.

"வடக்குச் சுவருல மீன்தொட்டி வக்கப்போறேன். நானே செய்யப்போறேன். டாக்டரு சொன்னாரு, மீன் பாத்தா பிரஷர் கொறையுமாம்."

அமராவதி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"எத்தன அடி?"

"ஆறுக்கு ரெண்டரை."

"செய்யுங்க."

"என்னாது?"

"செய்யுங்கன்னேன். விரால் விட்டீங்கன்னா கொழம்புக்காவது ஆவும்."

ராஜமாணிக்கத்துக்கு அன்று இரவுச் சோறு இறங்கவில்லை. இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில், இவ்வளவு சீக்கிரம் அவள் சரி என்று சொன்னது, அவர் மொட்டை போட்டுக்கொள்ளக் கேட்டபோது மட்டும்தான்.

சிதம்பரத்தில் கண்ணாடி அறுத்து, குட்டியானை வண்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றிக்கொண்டு வந்தார். ஸ்டாண்டு செய்ய, பக்கத்து வீட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் லூர்துசாமியைப் பிடித்தார். மூன்றடி உயரத்தில் ஸ்டாண்டு என்று அவர் ஆரம்பிக்கும்போதே அமராவதி மோர் டம்ளரோடு வந்துவிட்டாள்.

"மூணடி ஸ்டாண்டா? அதுக்கு மேல ரெண்டடி தொட்டியா? நீங்க என்னா நின்னுக்கிட்டா மீன் பாக்கப்போறீங்க?"

"இல்ல, ஈசிசேர்ல..."

"ஈசிசேர்ல சாஞ்சா கண்ணுக்கு நேரா இருக்க வேணாமா? ஒரு அடி ஸ்டாண்டு போதும். மொத்தம் மூணடி. என்னா லூர்துண்ணே?"

"அக்கா சொல்றது கரெக்ட் மாமா" என்றார் லூர்துசாமி. அவர் எப்போதும் மோர் கொடுத்தவர் பக்கம்.

தன் கண்ணுக்காக மனைவி இவ்வளவு யோசிக்கிறாளே என்று ராஜமாணிக்கத்துக்கு நெகிழ்ந்துவிட்டது. சிலிகான் பசையை வைத்து ஐந்து கண்ணாடியையும் ஒட்டினார். ஒரு வாரம் காயவிட்டார். அந்த ஒரு வாரத்தில் அவர் தலைமுடியில் ஒட்டிய சிலிகானை அமராவதிதான் கத்தரித்து எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை குழாயைப் போட்டு விளிம்புவரை தண்ணீர் நிரப்பினார். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"பாத்தியா?" என்று மார்பைத் தட்டினார். அமராவதி கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து, தொட்டியின் மேல் விளிம்பில் குறுக்காக வைத்தாள்.

"ஓரத்துல முப்பது அங்குலம்."

"அதான் அளவு."

"நடுவுல முப்பதேகால்."

"டேப்பு இழுத்துப்போச்சு. பழைய டேப்பு."

"நேத்து இதே டேப்புலதான் ஒங்க இடுப்ப அளந்தேன். அப்ப மட்டும் கரெக்டுன்னீங்க. தொட்டிக்கும் வயிறு தள்ளுது மாமா."

ராஜமாணிக்கம் பக்கவாட்டில் குனிந்து பார்த்தார். உண்மைதான். முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் நடுவில் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. மனசுக்குள் தொட்டி வெடித்தது. தண்ணீர் தெருவரை ஓடியது. அமராவதி அவரை ஒரு பார்வை பார்த்தாள். கடைசிக் காட்சிதான் மிகவும் பயங்கரமாக இருந்தது. ஓடிப்போய்க் குழாயைச் செருகி, தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்பிவிட்டார்.

"இப்ப என்னா பண்றது?"

"பாவாட நிக்கணும்னா இடுப்புல பட்டி வச்சுத் தைக்கணும். இதுக்கும் அதான். மேல உள்பக்கமா நீளவாக்குல ரெண்டு கண்ணாடிப் பட்டி ஒட்டுங்க. குறுக்கால மூணு ஒட்டுங்க. இழுத்துப் புடிச்சிக்கும்."

பெண்பிள்ளை சொல்வதைக் கேட்பதா என்று சிதம்பரம் கண்ணாடிக் கடைக்காரருக்குப் போன் போட்டார். அவர், "அதுக்குப் பேரு பிரேசிங் சார். நீளவாக்குல ரெண்டு, குறுக்க ஒண்ணு போடுங்க, போதும்" என்றார். ராஜமாணிக்கம் போனை வைத்துவிட்டு, தானே கண்டுபிடித்த முகத்தோடு, "பிரேசிங் போடணும். குறுக்கால ஒண்ணு போதும்" என்றார்.

"கடைக்காரரு ஒட்டுனா ஒண்ணு போதும். ஒட்டப்போறது நீங்கதானே? மூணு போடுங்க."

மூன்று போட்டார். தடித்த கண்ணாடியில் போட்டார். தானே போட்டார்.

அதற்குப் பிறகு அமராவதிக்கு மீன்கள் மேல் திடீரென்று பாசம் வந்துவிட்டது. மூடி இல்லாவிட்டால் பல்லி விழும் என்றாள். பலகை மூடி ஊறிப்போகும், தடிமனான கண்ணாடியாகப் போடுங்கள் என்றாள். கை விட்டுத் தீனி போட ஓரத்தில் மட்டும் சின்னதாக ஒரு துண்டைத் தனியாக விடச் சொன்னாள். மீன் இருட்டில் இருக்கக் கூடாதென்று மூடிக்கு அடியில் வெள்ளை எல்.இ.டி. விளக்கு கேட்டாள். ராஜமாணிக்கம் விளிம்பைச் சுற்றி அலுமினியப் பட்டை அடித்து முடித்தபோது, விரலால் தடவிப் பார்த்தாள்.

"இங்க சொரசொரன்னு இருக்குது. தேயுங்க. துணி மாட்டிக்கும்."

"துணியா?"

"தொட்டி தொடைக்கிற துணிதான். நீங்களா தொடைக்கப்போறீங்க?"

தேய்த்தார். வழவழவென்று ஆகும்வரை உப்புத்தாளை வைத்துத் தேய்த்தார்.

"இன்னொண்ணு மாமா. மறுபடியும் வயிறு தள்ளுதான்னு தெனம் பாக்கணும்ல? அந்த அலுமினியத்து மேலயே ஒரு டேப்ப வெட்டி ஒட்டிடுங்க. அகலத்துல ஒண்ணு, நீளத்துல ஒண்ணு."

"நீளத்துல எதுக்கு?"

"எத்தனாவது அங்குலத்துல தள்ளுதுன்னு சொல்ல வேணாமா?"

என்ன மூளை என்று வியந்தபடியே, அங்குலம் பிசகாமல் ஒட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொட்டி ஸ்டாண்டில் ஏறியது. லூர்துசாமி தரையிலிருந்து மூடிவரை அளந்து, "முப்பத்தாறு. கரெக்டா இருக்குக்கா" என்று அமராவதியைப் பார்த்துச் சொன்னார். செலவு செய்தது நான், அளவை அவளிடம் ஏன் சொல்கிறான் என்று ராஜமாணிக்கத்துக்கு ஒரு நொடி தோன்றியது. மறு நொடியே தண்ணீர் ஏறும் அழகில் மறந்துவிட்டார். எண்ணூறு லிட்டருக்கு மேல் ஏறியும் கண்ணாடி நூல் பிடித்தாற்போல் நின்றது. முப்பது தங்க மீன்களை விட்டார். பிறகு இடுப்பில் கை வைத்து, மூன்று வாரமாக மனசில் வைத்திருந்த வசனத்தை எடுத்துவிட்டார்.

"அமராவதி, ஒண்ணு தெரிஞ்சிக்க. இனிமே இத யாரும் நவுத்த முடியாது. துறைமுகத்துலருந்து கிரேன் வந்தாலும் முடியாது."

"அப்பிடியா மாமா?"

"எண்ணூத்தம்பது கிலோ!"

"லூர்துண்ணே, கேட்டுக்குங்க. மாமா சொல்றாரு, இனிமே இத யாரும் நவுத்த முடியாதாம்."

"கேட்டேங்கா" என்றார் லூர்துசாமி.

அன்று சாயங்காலம் ராஜமாணிக்கம் வெற்று மேலோடு சாய்ந்து, ஒரு கண்ணில் கிரிக்கெட்டும் ஒரு கண்ணில் மீனுமாகக் கிடந்தார். வாழ்க்கையில் முதன்முறையாக ஜெயித்துவிட்ட சந்தோஷம் அவருக்கு. பாவம், அந்த ஒரு சாயங்காலமாவது கிடைத்ததே.

திங்கட்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு, சிதம்பரத்தில் வாங்கிய மீன் தீனி டப்பாவோடு வந்தவர், வாசலில் நின்றுவிட்டார். ஏழு ஜோடி செருப்பு. ஏழும் பெண்கள் செருப்பு.

உள்ளே ஹால் நிறையக் கூட்டம். மீன்தொட்டி மூடியின் மேல் பச்சைப் பட்டு விரிந்து கிடந்தது. அடியிலிருந்து எல்.இ.டி. வெளிச்சம் வர, ஆரி எம்பிராய்டரிக்கான மயில் படத்தைப் பட்டுக்கு அடியில் வைத்து, ஒரு பெண் பென்சிலால் அப்படியே நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். அலுமினிய விளிம்பில் ஒட்டிய டேப்பைப் பார்த்து அமராவதி துணியை அளந்து, நறுக்கென்று வெட்டினாள். பட்டுக்கு அடியில் முப்பது தங்க மீன்களும் என்னமோ கல்யாணம் என்று சுற்றிச் சுற்றி வந்தன. ஈசிசேரைக் காணோம்.

"அமராவதி! என்னா இது? கண்ணாடி ஒடைஞ்சிடும்!"

"ஒடையாது மாமா. குறுக்கால மூணு பட்டி போட்டிருக்கீங்கல்ல?"

"இது மீன்தொட்டி!"

"மீன் அடியில இருக்குது. நான் மேல இருக்கறேன். மீனு ஒண்ணும் சொல்லல."

"மேசைய வேற எடத்துல போட்டுக்க வேண்டியதுதானே?"

"நான் எங்க மாமா நவுத்தறது? எண்ணூத்தம்பது கிலோ!"

கூட்டத்தில் ஒருத்தி கண்ணாடியைத் தடவிப் பார்த்து, "யாருக்கா இவ்ளோ நல்லா செஞ்சது?" என்றாள்.

"எங்க வூட்டுக்காரருதான். நான் வெறும் மேசதான் கேட்டேன். அவராப் பாத்து வெளக்கு, அளவெல்லாம் வச்சு செஞ்சிட்டாரு" என்றாள் அமராவதி. அதைச் சொல்லும்போது நிமிர்ந்து நின்றாள். சுவரைப் பிடிக்கவில்லை, இடுப்பில் கையும் வைக்கவில்லை. அவள் இவ்வளவு உயரம் என்பதையே ராஜமாணிக்கம் மறந்துபோயிருந்தார். கோபப்பட வந்தவருக்குக் கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது. அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

"என் ஈசிசேரு?"

"ஆஸ்பெஸ்டாஸ் ரூம்ல. ஒங்களுக்குத்தான் சட்ட இல்லன்னா வேர்க்காதே. மாமா, கொஞ்சம் வெளியில இருங்க, காயத்ரிக்கு அளவு எடுக்கணும்."

வெளியில் வந்தார். சட்டையோடு, கழுத்துப் பட்டன்கூட அவிழ்க்காமல். கதவு சாத்தப்பட்டது. தீனி நேரமாயிற்றே, மீன்கள் என்ன செய்கின்றனவோ என்று வாசல் பக்கமாகச் சுற்றிவந்து, வடக்கு ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தார். ஒரே ஒரு தங்க மீன் அவரைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது. உள்ளேயிருந்து அமராவதியின் குரல் வந்தது.

"அந்தத் தீனி டப்பாவ இப்பிடிக் குடுங்க மாமா. குடுத்துட்டு, ஜன்னலையும் சாத்திட்டுப் போங்க."