கழற்றிய கதவுகள்

கரண்டி நுனியில் இருந்த வெள்ளைத் தூளை சர்வேயர் நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு என்று நினைத்தது சர்க்கரை. சர்க்கரை என்று நினைத்தது சோடா உப்பு. மூன்றாவது பாட்டிலில் இருந்தது துணி சோப்புத் தூள். வாய் நுரைத்தது.

எல்லாம் அவரே இழுத்துவிட்டுக்கொண்ட வினை. மனைவி நான்கு நாள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் திரும்புவதற்குள் சமையலறை அலமாரிக் கதவுகள் ஆறையும் கழற்றி, பத்திரிகைப் படத்தில் வருகிற மாதிரி திறந்த அலமாரியாக்கி அசத்திவிட வேண்டும். "நல்லா இருக்கு" என்று அவள் வாயால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். இவ்வளவுதான் ஆசை. மனுஷர் நிலத்தை மட்டுமல்ல, வார்த்தையையும் அளந்துதான் விடுவார். அப்படிப்பட்டவருக்கு இப்படி ஓர் ஆசை.

போன மாதமே பேச்சை எடுத்துப் பார்த்தார்.

"கதவை எடுத்துட்டா எல்லாம் கண்ணெதிர்ல இருக்கும். தேடவே வேண்டாம்."

"நம்ம வீட்டுக்குச் சரிப்படாதுங்க."

"ஏன்?"

"சரிப்படாதுன்னா சரிப்படாது. விடுங்களேன்."

காரணம் எழுதாத ஆட்சேபணையை ஓரமாகத் தள்ளுகிற ஆபீஸில் வேலை பார்ப்பவர் அவர். இதையும் தள்ளிவிட்டார்.

முதல் நாள் தச்சர் வந்து கழற்றினார்.

"நல்ல மரம் சார். இதையெல்லாம் என்ன செய்யப் போறீங்க?"

"நீங்களே எடுத்துட்டுப் போங்க."

கதவு போனதும் உள்ளே இருந்த நசுங்கிய டப்பாக்கள் பல்லை இளித்தன. கடைக்கு ஓடி நாற்பது கண்ணாடி பாட்டில் வாங்கி வந்து எல்லாவற்றையும் கொட்டி நிரப்பினார். டப்பாக்களைத் தூக்கிப் போட்ட பிறகுதான் எது என்ன என்று தெரியாமல் நாக்கை நீட்ட வேண்டியதாயிற்று.

நக்கி நக்கிக் கண்டுபிடித்துச் சீட்டு எழுதி ஒட்டினார். மறுநாள் உருளைக்கிழங்கு வறுத்தார். எண்ணெய்ப் புகை பாட்டில்களில் பிசுபிசுவென்று படிந்தது. ஈரத்துணியால் துடைத்தார், சீட்டில் இருந்த மை ஓடிவிட்டது. திரும்பவும் நாக்கு. புகை படக்கூடாதென்று திரைச்சீலை கட்டினார். நான்காம் நாள் காலை அது அடுப்பில் சரிந்து பற்றிக்கொள்ள, ஒரு பக்கெட் தண்ணீரை அப்படியே வீசினார். மூடி போடாத பாட்டில்களில் இருந்ததெல்லாம் கூழாகிவிட்டது.

ஆனாலும் விடவில்லை. கழுவித் துடைத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து நேராக அடுக்கினார். தள்ளி நின்று பார்த்தபோது அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

சாயங்காலம் மனைவி வந்தாள். கையில் பையோடு அப்படியே நின்றாள்.

"கதவெல்லாம் எங்கங்க?"

"தச்சர் எடுத்துட்டுப் போயிட்டார். பழசுதானே. எப்படி இருக்கு?"

"அடுப்புக்கு மேல இருந்த கதவுமா?"

"ஆறும்தான். எப்படி இருக்குன்னு சொல்லு."

அவள் பையை வைத்துவிட்டுப் போய் முகம் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். பிறகு வந்து டீ போட்டுக் கொடுத்தாள். அவர் குடித்தார், டம்ளரைக் கீழே வைத்தார், எழுந்து போனார். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான்.

அன்று ராத்திரி அவள் அடுப்புக்கு மேலே கதவு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். விடிந்ததும் அவர் தச்சர் பட்டறையில் போய் நின்றார்.

"அந்தக் கதவுங்க திரும்ப வேணும்."

"பெஞ்சு ஆயிடுச்சே சார்." தச்சர் மூலையைக் காட்டினார்.

சர்வேயர் அந்தப் பெஞ்சிலேயே பொத்தென்று உட்கார்ந்தார்.

"நாலு நாளா நாய் படாத பாடு பட்டேன். நல்லா இருக்குன்னு ஒரே ஒரு வார்த்தை. சொன்னா என்ன குறைஞ்சு போயிடும்? அதுக்கு ஒருத்தன் எவ்வளவு ஏங்குவான்னு அவளுக்குத் தெரிய வேண்டாமா?"

தச்சர் மரச்சுருள்களைக் காலால் ஒதுக்கினார்.

"அடுப்புக்கு மேல இருந்த கதவுல, உள்பக்கம் வீட்டம்மா பென்சில்ல எழுதி வெச்சிருந்தாங்க சார், 'சமையல் நல்லா இருக்குன்னு அவர் சொன்ன நாள்'னு. கீழே தேதிங்க. நிறைய இல்லை, மூணே மூணுதான். ஒரே இழைப்புல போயிடுச்சு."