பாக்கு வாத்தியாரின் காதல் கடித வகுப்பு

அரசாங்க அலுவலகத்துக்கே புள்ளி போட்டுத் திருப்பி அனுப்பிய மனிதர் ஜெர்மனியில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எசன் நகரத்தில், எங்கள் வீட்டுக்கு நேர் கீழே குடியிருந்தார்.

அஜர்பைஜானின் தலைநகரான பாக்கூவிலிருந்து வந்தவர். எங்கள் வாயில் அது பாக்கு வாத்தியார் ஆகிவிட்டது. மலையடிவாரப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்து, பிறகு பல்கலைக்கழகத்தில் கசல் என்ற பழைய காதல் கவிதைகளை ஆராய்ந்து, ஓய்வு பெற்று மகளோடு இங்கே வந்தவர். சம்பளத்திலிருந்துதான் ஓய்வு, பிழை திருத்துவதிலிருந்து இல்லை.

மாடிப்படியில் சைக்கிள் வைக்கக் கூடாது என்று ஒருநாள் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். மாலையில் பார்த்தால் சிவப்புப் பேனாவால் ஐந்து காற்புள்ளிகள். கீழே, ‘கருத்து நன்று. உணர்ச்சி போதாது. 4.’ ஜெர்மன் பள்ளிக்கூடங்களில் ஒன்றுதான் உச்சப் புள்ளி. நான்கு என்றால் தப்பிப் பிழைத்தது. அலுவலகக் கடிதங்களுக்கும் இதே கதிதான். ஒருமுறை பிழையே இல்லாத கடிதம் ஒன்று வந்தது. ‘முன்னேற்றம் தெரிகிறது’ என்று எழுதித் தபாலில் போட்டார்.

அப்போது நான் குடியுரிமைக்கான மொழிச் சோதனையில் இரண்டு தரம் கோட்டை விட்டிருந்தேன். பாண் சுடும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் மாவோடு பேசியவனுக்கு ஜெர்மன் எப்படி வரும்? மூன்றாவது தரத்துக்கு முன்னால் மனைவி என்னை அவரிடம் இழுத்துப் போனாள். அவர் பேசியது ஜெர்மன்தான். என் காதில் மட்டும் அது யாழ்ப்பாணத் தமிழாகவே விழுந்தது.

என் பாடப்புத்தகத்தைப் புரட்டிவிட்டு அலுமாரிக்கு மேலே எறிந்தார்.

“இதில வாற மனுசன் முப்பது பாடமா ரெயில் டிக்கெட்டுத்தான் கேக்கிறான். அவனுக்கு மனசெண்டு ஒண்டு இல்லையோ? நீங்கள் மனிசிக்குக் காதல் கடிதம் எழுதிக்கொண்டு வாங்கோ.”

சனிக்கிழமை காலை மனைவியும் நானும் போனோம். சின்னக் கண்ணாடிக் குவளையில் தேநீர் வந்தது. சீனிக்கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு, “வாசியுங்கோ” என்றார். வாசித்தேன்.

“மதிப்புக்குரிய அம்மணிகளே, ஐயாமாரே...”

எனக்குத் தெரிந்த ஒரே கடித ஆரம்பம் அதுதான். முடிவும் அப்படியே: ‘தங்கள் விரைவான பதிலை எதிர்பார்க்கிறேன்.’ மனைவிக்குத் தேநீர் மூக்கால் வந்தது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார்.

“உங்கட மனிசி என்ன, வேலைவாய்ப்பு அலுவலகமோ?”

எட்டுக் கடிதம் குப்பைக்குப் போனது. ஒன்பதாவதில் எழுதினேன்: ‘குளிர்காலத்தில் நீ வேலைக்குப் போகுமுன் உன் கையுறைகளை ஹீட்டரில் வைத்து எடுப்பவன் நான். அவை தாமாகச் சூடாகின்றன என்று நீ நினைக்கிறாய்.’

மனைவி சிரிக்கவில்லை. “நீங்களோ அது?” என்றாள்.

“ஓம்.”

வாத்தியார் எழுந்து யன்னல் பக்கம் போய், மழையே இல்லாத தெருவைப் பார்த்தபடி, மழை பட்டதுபோலக் கண்ணாடியைத் துடைத்தார்.

சோதனையில் வந்த கேள்வி: புதிதாக வாங்கிய சலவை இயந்திரம் பழுது, கடைக்கு முறைப்பாடு எழுதுக. பழகிய கை சும்மா இருக்குமா? ‘அது மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. நான் என்ன பிழை விட்டேன் என்றாவது சொல்லச் சொல்லுங்கள்’ என்று எழுதிவிட்டேன். வெளியே வந்ததும், மூன்றாவது தரமும் போச்சு என்று மனைவியிடம் சொன்னேன்.

சில வாரங்களில் கடிதம் வந்தது. சோதனையில் சித்தி, தேறிவிட்டேன்! எழுத்துப் பகுதியில்தான் அதிகப் புள்ளி. காலுறையோடு கீழே ஓடினேன். வாத்தியார் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு இரண்டு கைகளையும் இறக்கை மாதிரி விரித்து, நுனிக்காலில் தன் ஊர் ஆட்டம் ஆடத் தொடங்கினார். எழுபத்தெட்டு வயது! நானும் ஆடினேன். “ரெண்டு பேரும் விழப் போறியள்!” என்று கத்திக்கொண்டே மனைவியும் சேர்ந்துகொண்டாள்.

போன வருடம் மகளுக்கு டிரெஸ்டனில் வேலை கிடைத்து, அவரும் போய்விட்டார். கீழ்வீட்டுக்கு இப்போது வந்திருப்பவர்கள் மிக நல்ல மனிதர்கள். ஒரு சத்தம் கிடையாது. சனிக்கிழமை காலையில் அந்த அமைதியைக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்ப்போம். பிறகு, “வாத்தியாருக்கு எடுங்கோவன்” என்று மனைவி தொலைபேசியை என் கையில் தருவாள்.