கை நனைத்தவர்கள்

2024ஆம் ஆண்டு ஜனவரி மாதம் இருபத்து மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேமுக்கால் மணிக்கு, தருமபுரி மாவட்டம் ஏரியூரை அடுத்த கரட்டுப்பட்டியைச் சேர்ந்த முப்பத்தெட்டுப் பேர், கிழக்குக் கடற்கரையில் உள்ள ஒரு சுற்றுலா விடுதியின் வாயிலில் கட்டுச்சோற்று மூட்டைகளுடன் தடுத்து நிறுத்தப்பட்டனர்.

அவர்களை அழைத்து வந்தது ஒரு பன்னாட்டு நிறுவனம். பல நாட்டு அணு உலைகளில் எரிந்து தீர்ந்த எரிபொருளை வாங்கிப் பாதுகாத்து வைப்பது அதன் தொழில். கரட்டுப்பட்டியில் உள்ள ஊத்துக்கரடு என்னும் குன்றைக் குடைந்து அதனுள் அத்தகைய கிடங்கு ஒன்றை அமைக்க அந்நிறுவனம் விரும்பியது. ஆழ்துளை போடும் போர் வண்டி ஒன்றையும் கரட்டடியில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. கடற்கரையில் அதே பொருளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மக்கள் எவ்வளவு நலமாக வாழ்கிறார்கள் என்பதை நேரில் காட்டுவதற்காகவே இந்தப் பயணம். வெள்ளிக்கிழமை, குடியரசு நாளன்று, கிராம சபை கூடித் தன் முடிவைச் சொல்ல வேண்டும். கரட்டின் அடியில் ஊறும் தண்ணீரைத்தான் ஊர் குடிக்கிறது. ஆகவே பேருந்தில் எவரும் பாட்டுப் போடச் சொல்லவில்லை.

ஊராட்சி மன்றத் தலைவர் பாஞ்சாலி, புறப்படும்போதே ஒரே ஒரு விதியை அறிவித்திருந்தார்.

"பொண்ணு கேட்டு வந்தவன் வூட்டப் பாக்கப் போறோம். பாக்கறதோட சரி. ஒருத்தரும் அங்க கை நனைக்கக் கூடாது. ஒரு வாய் தின்னாலும் கரட்டக் குடுத்தாச்சுன்னு அர்த்தம்."

இந்த விதி கரட்டுப்பட்டிக்குப் புதிதன்று. சம்பந்தம் பேசும் வீட்டில் மனம் ஒப்பாதவரை எவரும் உண்பதில்லை. உண்டால் பேச்சு முடிந்தது. அந்த ஊரில் இதைப் பிசகாமல் நடத்தி வைப்பவர் பாஞ்சாலியே. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தீர்த்தகிரி என்னும் தக்காளி விவசாயி, பென்னாகரத்துக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன இடத்தில் பசி தாளாமல் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டார். மாப்பிள்ளை குடிகாரன் என்பது அதற்கு மறுநாள் தெரிந்தது. "கை நனைச்சாச்சு, பேச்சு முடிஞ்சுது" என்று பாஞ்சாலி தீர்ப்புச் சொன்னார். தீர்த்தகிரியின் மகள் செல்லி அதன்பின் இருமுறை தாய்வீட்டுக்கு ஓடி வந்தாள். இரண்டாம் முறை வலக்கையில் மாவுக்கட்டு இருந்தது. இருமுறையும் அதே வாக்கியத்தைச் சொல்லி அவளைத் திருப்பி அனுப்பினார்கள்.

நிறுவனத்தின் விடுதியில் உண்ணாதிருக்க வேண்டுமானால் வீட்டுச் சோறு கையில் இருக்க வேண்டும் என்பது பாஞ்சாலியின் ஏற்பாடு. ஆனால் அந்தச் சோறு கேரி பைகளில் இருந்தது. வாயிலில், 'நிலைத்த கடலோரச் சுற்றுலா: இங்கு நெகிழிக்கு அனுமதி இல்லை' என்று பெரிய பலகை இருந்தது. காவலர் மூட்டைகளை ஒவ்வொன்றாக வாங்கி ஒரு தொட்டியில் போட்டார்.

"இந்தப் பை மண்ணுல மக்கறதுக்கு நானூறு வருஷம் ஆகும்மா" என்றார் அவர்.

"உள்ளார வச்சிருக்கீங்களே, அது மக்க எத்தினி வருஷங்க?" என்று தீர்த்தகிரி பணிவாகக் கேட்டார்.

காவலர் உள்ளே கேட்டு வந்து, லட்சம் என்றார்.

பாஞ்சாலிக்குக் கோபம் அடங்கவில்லை. கார்த்திகை மாதத்தில் ஒகேனக்கல் போகும் வழியில் பேருந்து பழுதாகித் தம் ஊரில் இறங்கிய வெளியூர்க்காரர்களை அவர் எடுத்துக்காட்டினார். அவர்கள் பொழுதுபோகாமல் கரட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள், அத்தனை பேருக்கும் களி கிளறி, கோழிக்குழம்பு வைத்துத் தம் கையாலேயே பரிமாறியவர் அவர். போகும்போது அவர்கள் ஒரு மூட்டை நெத்திலிக் கருவாடு கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்படிப்பட்ட ஊரின் சோற்றை வாசலிலேயே பறிக்கலாமா என்பது அவர் கேள்வி. காவலர் அடுத்த மூட்டைக்குக் கை நீட்டினார். தொட்டி நிரம்பியது.

நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அலுவலர் மாதவராஜ், மிகுந்த மரியாதையுடன் எல்லாவற்றையும் காட்டினார். ஆமைக் குஞ்சுகளைக் காட்டினார். நீராடும் வெளிநாட்டாரைக் காட்டினார். வேலிக்கு அப்பால், நெற்குதிர்களைப் போல வரிசையாக நின்ற, எரிபொருள் அடைத்த கான்கிரீட் உருளைகளைச் சற்று விரைவாகக் காட்டினார். அலை வேலியின் காலடி வரை வந்து போய்க்கொண்டிருந்தது.

பலர் கடலை முதன்முறையாகக் கண்டனர். கடலில் கையை நனைத்தால் அதுவும் கணக்காகுமா என்று ஒருவர் ஐயம் எழுப்ப, கால் நனையலாம், கை நனையக் கூடாது என்று பாஞ்சாலி தீர்ப்பளித்தார். எனவே முப்பத்தெட்டுப் பேரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முழங்கால் அளவுத் தண்ணீரில் வரிசையாக நின்றனர். வெளிநாட்டார் அதை ஒரு வழிபாடு என்று கருதிப் படம் எடுத்தனர்.

ஒரு மணிக்கு இலை போடப்பட்டது. பாஞ்சாலி, செவ்வாய்க்கிழமை ஆதலால் அனைவரும் முருகனுக்கு விரதம் என்றார். மாதவராஜ், வார்டு உறுப்பினர் சவுரியப்பனின் கழுத்தில் கிடந்த ஜெபமாலையைப் பார்த்தார்.

"ஐயாவுக்குமா?"

"ஊரே பட்டினி கெடக்கையில நான் மட்டும் தின்னா நல்லாவா இருக்கும்ங்க?" என்றார் சவுரியப்பன்.

மாதவராஜ் மனம் உருகிவிட்டார். விரதக்காரர்களுக்கென்று தனியே பாலும் பழமும் இளநீரும் வந்து சேர்ந்தன. விரதம் என்று சொன்ன வாயால் இளநீரை மறுக்க முடியாது. விடியற்காலையிலிருந்து எதுவும் உண்ணாத முப்பத்தெட்டுப் பேர் இளநீரையே பார்த்துக்கொண்டிருந்தனர். ஒரு கை நீண்டதைக் கண்ட பாஞ்சாலி, மனத்தில் தோன்றியதைச் சொல்லிவிட்டார்.

"வேணாங்க. எங்க எல்லாத்துக்கும் வயிறு சரியில்ல. ஒரே பொரட்டலா இருக்குது."

மாதவராஜின் முகம் வெளுத்தது. அணு எரிபொருள் இருக்கும் இடத்துக்கு வந்த மூன்று மணி நேரத்துக்குள் வந்தவர் அனைவருக்கும் வயிற்றைப் புரட்டினால் அதற்கு என்ன பொருள் என்பது அவருக்குப் பயிற்சியில் கற்பிக்கப்பட்டிருந்தது. இரண்டு நிமிடங்களில் அபாயச் சங்கு ஊதியது. வெளிநாட்டார் துண்டுகளுடன் ஓடினர். தலை முதல் கால் வரை வெள்ளை உடை அணிந்த நால்வர் வந்து, கரட்டுப்பட்டிக்காரர்களை ஒரு கூடத்தில் அடைத்து, ஒவ்வொருவர் மீதும் ஒரு கருவியை மேலும் கீழும் ஓட்டினர். வாந்தி உண்டா என்று மருத்துவர் கேட்டபோது, தலைவருக்கு உதவும் எண்ணத்தில் சவுரியப்பன், "ரெண்டு வாட்டிங்க" என்றார். அது உண்மையே. ஆனால் அது பேருந்தில், மேட்டூரைத் தாண்டிய வளைவுகளில் நடந்தது. அதை அவர் சொல்லவில்லை. கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டது.

கருவி எதையும் காட்டவில்லை. இருப்பினும் மருத்துவர் விதியை விளக்கினார். ஒவ்வொருவரும் அவர் கண்முன் சாப்பிட வேண்டும். சாப்பிட்டது வயிற்றில் தங்க வேண்டும். அதுவரை எவரையும் வெளியே அனுப்ப இயலாது.

பலர் பாஞ்சாலி பக்கம் திரும்பினர்.

"நான் ரெண்டு இட்லிதான் தின்னேன்" என்றார் தீர்த்தகிரி, எவரையும் பார்க்காமல்.

பாஞ்சாலி அதைக் கேளாதவரைப் போல் சுவரைப் பார்த்தார்.

நான்கு மணிக்குக் கதவு திறந்தது. விடுதியின் சமையற்காரி அன்பரசி, உள்ளூர் மீனவப் பெண், சோற்றுக் குண்டானைச் சுமந்து உள்ளே வந்தாள். அவள் முகத்தில் உறை இல்லை. பாஞ்சாலியைக் கண்டதும் நின்றாள்.

"அக்கா, நீங்களா? களி போட்ட கை, இப்ப சோறு வாங்க மாட்டேங்குதாமே?"

பாஞ்சாலி நிமிர்ந்து பார்த்தார். கார்த்திகையில் தம் வாசலில் உட்கார்ந்து இரண்டாம் உருண்டை கேட்டு வாங்கிய முகம் அது. நெத்திலி மூட்டையைக் கொடுத்த கையும் அதுவே. தம் ஊர் விருந்தாளியிடம் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. விரதமும் இல்லை, வயிற்று வலியும் இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

"நீ பொண்ணா பொறந்தவ, உனக்குத் தெரியும். எங்க கரட்டக் கேக்கறாங்க. கேக்கற வூட்டுல கை நனைச்சா, குடுத்தாச்சுன்னு ஆயிரும். எங்க பொண்ண நாங்க குடுக்க மாட்டோம், தாயீ."

அன்பரசி குண்டானை மெல்லக் கீழே வைத்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"கடலு வேலி வரைக்கும் வந்திருச்சுக்கா, இனிமே அந்த உருளைங்கள இங்க வச்சிருக்க முடியாது. பஸ்ஸு ரிப்பேருன்னு சொன்னதெல்லாம் பொய். வாயத் தொறக்காம எடத்தப் பாத்துட்டு வாங்கன்னு இந்தக் கம்பெனிக்காரங்கதான் எங்கள அனுப்புனாங்க. பொண்ணு உங்க கரடு இல்லக்கா, எங்க உருளைங்கதான். நாங்க மாப்பிள்ள வூட்டுக்கு வந்து, புடிச்சுப் போயி, உங்க கையாலயே கை நனைச்சுட்டோமே. உங்க கணக்குப்படி பேச்சு அன்னிக்கே முடிஞ்சுது."

அதன்பின் முப்பத்தெட்டுப் பேரும் சாப்பிட்டனர், மருத்துவர் பார்த்துக்கொண்டிருந்தார், மாலை ஆறு மணிக்கு அனைவரும் விடுவிக்கப்பட்டனர்.

வெள்ளிக்கிழமை கிராம சபையில் தீர்த்தகிரி எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தலைவர் வாயாலயே சொல்லட்டும். கை நனைச்சா பேச்சு முடிஞ்சுதா, இல்லையா?"

பாஞ்சாலி கரட்டைப் பார்த்தார். பிறகு தீர்த்தகிரியைப் பார்த்தார். "இல்ல" என்றார்.

எவர் வீட்டில் எவர் உண்டாலும் அது உணவு மட்டுமே, சம்மதம் ஆகாது என்று ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது. அதன்படி ஊத்துக்கரடு கொடுக்கப்பட மாட்டாது என்று நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. நிறுவனம் இன்னும் பதில் எழுதவில்லை, போர் வண்டியும் இடத்தை விட்டு நகரவில்லை. அதே முடிவின்படி, தீர்த்தகிரி அன்று மாலைப் பேருந்தில் பென்னாகரம் சென்று செல்லியை அழைத்து வந்தார். இம்முறை கட்டு இடக்கையில் இருந்தது.